லாண்டரியில் நின்றவள்

ப்ரென்டன் ஸ்கியூஸ் வீடு விற்பவர். லேக் மெரினில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் முகம் ஒரு பலகையில் சிரித்துக்கொண்டிருக்கும். கூடைப்பந்து அரங்கில் ஸ்கோர் போர்டுக்குக் கீழேயும் அந்த முகம் உண்டு. ஸ்கோர் போர்டு அவர் வாங்கிக் கொடுத்தது. அதனால் எங்கள் ஊரில் எந்தக் குழந்தை கூடை போட்டாலும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழான பெண்கள் அணி ஒன்றுக்கு அவர் கோச். அணியின் பெயர் பெலிக்கன்ஸ். நான் அதன் மேனேஜர். பெரிய பதவி இல்லை. சட்டைகளைத் துவைத்து எடுத்து வருவது, ஆரஞ்சு நறுக்குவது, இந்தச் சனிக்கிழமை எந்தப் பெற்றோர் ஸ்கோர் மேசையில் உட்கார வேண்டும் என்று மெசேஜ் அனுப்புவது, அவர்கள் வராதபோது நானே உட்காருவது. என் மகள் ப்ரைடி அந்த அணியில் ஆடினாள். சுமாராக ஆடினாள்.

சீசன் தொடங்கும் முன் ப்ரென்டன் தலைமைப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்தார். மலைமேல் ஒரு ஓட்டலில் நடந்தது. வெந்நீர்த் தொட்டி இருந்ததாம். திரும்பி வந்ததும் அணிக்கு டி-ஷர்ட் அடித்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'பொறுப்பு என்னுடையது' என்று இருந்தது. முதுகில் அவர் கம்பெனியின் போன் நம்பர்.

முகாமிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொன்று வட்டம்.

ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள நடையில் பெண்கள் வட்டமாக உட்கார வேண்டும். பந்து கைமாறி வரும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவள் நெஞ்சில் கைவைத்து 'என் தப்பு' என்று சொல்ல வேண்டும். எது தப்பு என்றும் சொல்ல வேண்டும். 'சரியா ஆடல' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். 'ஏழாம் நம்பரை விட்டுட்டேன், அவ கூடை போட்டுட்டா' என்றால் ஒப்புக்கொள்வார். சொன்னவள் எழுந்து போய்க் கோடு ஓட வேண்டும். கோர்ட்டின் கடைசிக் கோட்டிலிருந்து முதல் கோடு வரை போய்த் தொட்டுத் திரும்புவது, பிறகு நடுக்கோடு, பிறகு அடுத்தது, பிறகு எதிர்முனை. எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதால் எல்லோரும் ஓடினார்கள்.

பந்து சுற்றி முடிந்து ப்ரென்டனிடம் வரும். அவர் அதை ஒருமுறை தரையில் தட்டிப் பைக்குள் போடுவார்.

"பந்து பைக்குள்ள போயாச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது," என்பார்.

பெற்றோர்களுக்கு வட்டம் மிகவும் பிடித்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தது தான்தான் என்று இப்போதெல்லாம் தன் மகளே ஒப்புக்கொள்கிறாள் என ஒரு அப்பா பெருமைப்பட்டார். இன்னொரு அம்மா தன் அலுவலகத்தில் இதைச் செய்துபார்க்கப் போவதாகச் சொன்னாள். ஒருநாள் ஒரு பெண், சாயங்கால வெயில் கண்ணில் அடித்ததால் பந்தைப் பார்க்கவில்லை என்றாள். மேற்கு ஜன்னலில் வெயில் அடிப்பது ஊருக்கே தெரியும். திரைச்சீலை போட வேண்டும் என்று பல வருடங்களாகப் பேச்சு.

"சூரியன் நம்ம டீம்ல ஆடுதா?" என்று கேட்டார் ப்ரென்டன்.

பெண்கள் சிரித்தார்கள். அவள் இருமுறை ஓடினாள். அதன்பிறகு யாரும் காரணம் சொன்னதில்லை.

இனி விதியைச் சொல்ல வேண்டும். அந்த வயதில் ஆளுக்கு ஆள்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் எதிரணியில் ஒருத்தியைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டு அவள் போகும் இடமெல்லாம் போக வேண்டும். கூடையைச் சுற்றி இடம் பிடித்து நின்றுகொண்டு காவல் காக்கக் கூடாது. அதற்கு ஸோன் என்று பெயர். பெரியவர்கள் ஆடலாம், சின்னப் பிள்ளைகளுக்குத் தடை. காரணம் எளிது. பதினொரு வயதுப் பெண்ணால் தூரத்திலிருந்து கூடை போட முடியாது. ஐந்து பேர் கூடைக்கடியில் நின்றுகொண்டால் எதிரணிக்கு வழியே இல்லை. நிற்கிறவர்களும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஜெயிப்பார்கள்.

ப்ரென்டன் ஸோன் என்ற சொல்லை வாயால் சொன்னதே இல்லை. முதல் பயிற்சி நாளன்றே கூடைக்கடியில் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்தார். முன்னால் வாசல், ஹால். நடுவில் கிச்சன். இடப்பக்கம் கராஜ். வலப்பக்க மூலையில் துணி துவைக்கும் அறை, லாண்டரி. ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார். "வீட்டுக்கு!" என்று அவர் கத்தினால் ஓடிவந்து அவரவர் அறையில் நிற்க வேண்டும். அறைக்குள் வருகிறவளை மட்டும் பார்த்தால் போதும். அடுத்த அறை அடுத்தவள் பாடு.

ப்ரைடி கிச்சன். உயரமாக இருந்ததால். வாசலும் ஹாலும் வேகமாக ஓடுகிற இருவருக்கு. லாண்டரி ஃபெர்ன் ஹாலெட்டுக்கு. அணியிலேயே குள்ளம் அவள். அந்த மூலைக்கு அதிகம் யாரும் வர மாட்டார்கள்.

நாங்கள் ஜெயித்தோம். வாராவாரம் ஜெயித்தோம். மற்ற கோச்சுகள் முணுமுணுத்தார்கள். எங்கள் பெற்றோர்கள் அதைப் பொறாமை என்றார்கள். தங்கள் மகள்கள் எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சீசன் முழுக்க ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அவர்கள். கையில் காபி இருந்தது. ஸ்கோர் நன்றாக இருந்தது.

ஃபெர்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அம்மா கேரிஸுக்குப் பால் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஃபெர்ன் சைக்கிளில் வருவாள், சைக்கிளில் போவாள். எல்லாவற்றையும் அப்படியே செய்வாள். தண்ணீர் குடி என்றால் தாகமில்லாவிட்டாலும் குடிப்பாள். அவளுக்கு ஊர் அணியில் சேர வேண்டும். பதினாலு வயதுக்குக் கீழான ஊர் அணி அடுத்த வருடம் மற்ற ஊர்களுக்குப் போய் ஆடும். அதில் சேர்ந்தால் பச்சை நிறத்தில் ஒரு பை கொடுப்பார்கள், பக்கவாட்டில் நம்பர் போட்டு. ஊர் அணிப் பிள்ளைகள் அந்தப் பையை எங்கும் மாட்டிக்கொண்டு போவார்கள், பல் டாக்டரிடம்கூட. ஃபெர்ன் தன் பள்ளிப் பையில் மார்க்கரால் 11 என்று எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு அந்தப் பை வேண்டும் என்பது அணி முழுக்கத் தெரியும். ப்ரென்டனுக்கும் தெரியும். அந்த ஊர் அணிக்குக் கோச்சாகத்தான் அவரும் விண்ணப்பித்திருந்தார்.

ஃபைனலில் எதிரணியின் கோச் கண்காணிப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு வேலை உண்டு. ஸோன் ஆடுகிறார்களா என்று பார்ப்பது மட்டும் வேலை. வட்டாரச் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவந்தாள். அன்று ஸ்கோர் மேசையில் யாரும் வராததால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"உங்க பொண்ணுங்க ஏன் எதிராளியைப் பாக்காம தரையைப் பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

"கோச்சைக் கேளுங்க," என்றேன்.

"கேட்டேன். கவனம் குவிக்கறாங்களாம்."

மூன்றாவது பகுதியில் அவள் எச்சரிக்கை கொடுத்தாள். முதல்முறை எச்சரிக்கை. அடுத்த முறை கோச் பெயரில் ஃபவுல், எதிரணிக்கு யாரும் தடுக்காத இரண்டு எறிதல், எறிதலுக்கு ஒரு புள்ளி. ப்ரென்டன் இரு கைகளையும் விரித்தார். ஆச்சரியப்பட்டார். பிறகு முகத்தைக் கேலரிப் பக்கம் வைத்துக்கொண்டு கோர்ட்டில் இருந்த பெண்களுக்குக் கத்தினார்.

"ஆளுக்கு ஆள் பிடிங்க! ஆளுக்கு ஆள்! எத்தனை தடவை சொல்றது!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதை அவர்கள் கேட்பது அதுவே முதல் தடவை. ப்ரைடி மேசைப் பக்கமாக ஓடிவந்தவள் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எந்த ஆள்?"

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எதிரணி பந்தைக் கொண்டுவந்தது. அவர்களை நிறுத்திவிட்டால் கோப்பை. ப்ரென்டன் எழுந்தார். அரங்கு முழுக்கக் கேட்டது.

"வீட்டுக்கு! வீட்டுக்கு!"

நான்கு பேர் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். ப்ரைடி கண்காணிப்பாளரைப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள். ஃபெர்ன் மட்டும் நேராக ஓடினாள். லாண்டரியில் நின்றாள். முழங்கால் மடித்து, கை விரித்து, சொல்லிக் கொடுத்தபடி. அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அவள் பிடிக்க வேண்டிய எட்டாம் நம்பர் கோர்ட்டின் மறுபக்கத்தில் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு பந்து கேட்டாள்.

கண்காணிப்பாளர் கையை உயர்த்தினாள். விசில் ஒலித்தது. ஸ்கோர் ஷீட்டில் ப்ரென்டன் பெயருக்கு நேராக ஃபவுலை நான் எழுதினேன். எதிரணியின் நெட்டைப் பெண் தனியாக நின்று இரண்டு முறை எறிந்தாள். இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஸ்கோர் போர்டின் கீழே அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் சிரிக்கவில்லை.

வட்டம் வழக்கம்போல நடந்தது. பந்து சுற்றியது. கிச்சன் ஒரு பாஸைத் தவறவிட்டதாகச் சொன்னாள். ஹால் மெதுவாக ஓடியதாகச் சொன்னாள். பந்து ஃபெர்னிடம் வந்தது.

"என் தப்பு. என் ஆளை விட்டுட்டேன்."

ப்ரென்டன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். ஷீட்டில் எழுதியிருப்பது தன் பெயர்தான், ஆனால் அங்கே நின்றது யார் என்று எல்லோரும் பார்த்தார்கள் என்றார். கோபமே இல்லாத குரல். தப்பை ஒப்புக்கொள்கிறவள்தான் லீடர் என்றார். மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

ஃபைனலில் கோச் பெயரில் ஃபவுல் விழுந்தால் எங்கள் ஊர்க் கூடைப்பந்துச் சங்கத்தின் கமிட்டி விளக்கம் கேட்கும். கூட்டம் திங்கட்கிழமை. ஊர் அணிக்குக் கோச்சைத் தேர்ந்தெடுப்பதும் அதே கூட்டத்தில்.

"திங்கக்கிழமை கமிட்டி முன்னாடி இதையே சொல்லுவியா?" என்று ஃபெர்னிடம் கேட்டார். "தைரியம் வேணும். அந்தத் தைரியம் இருக்கற பொண்ணு என் ஊர் அணியில கண்டிப்பா இருப்பா."

ஃபெர்ன் யோசித்தாள்.

"பை தருவாங்களா, கோச்?"

"பை இல்லாம எப்படி?"

பந்தை வாங்கி ஒருமுறை தட்டிப் பைக்குள் போட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"குழந்தையை எதுக்கு இதுல இழுக்குற, ப்ரென்டன்?"

"ரோ, இது அவளுக்குக் கிடைச்ச வாய்ப்பு. இந்த வயசுல எனக்கு யாரும் இப்படி ஒண்ணு கொடுக்கல."

"நீதானே கத்தினே."

"திரும்பி ஓடி வாங்கன்னு அர்த்தம். எல்லா கோச்சும் கத்தறதுதான்."

"அப்ப லாண்டரி?"

"சின்னப் பிள்ளைங்க. ஞாபகம் வச்சுக்க ஒரு விளையாட்டு." பலகையில் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார். கார் கதவைத் திறந்தவர் நின்றார். "ஆமா, உன் ஏரிக்கரை வீட்டை விக்கற யோசனை இன்னும் இருக்கா? இப்ப நல்ல நேரம்."

பெற்றோர் குழுவில் அன்று மாலை முழுக்க ப்ரென்டனுக்கு ஆறுதல். எவ்வளவு உழைத்தார், எவ்வளவு கற்றுக்கொடுத்தார். இதயம் இதயமாக வந்தது. ஃபெர்ன் சின்னப் பெண், போகப் போகக் கற்றுக்கொள்வாள் என்று ஒருவர் பெருந்தன்மையாக எழுதினார். அதற்கும் இதயம். வீட்டு விளையாட்டைப் பற்றிக் கமிட்டியிடம் சொல்ல வேண்டும் என்று நான் எழுதினேன். அதற்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து யாரோ நீல நிறத் தண்ணீர் பாட்டிலைக் காணோம் என்று கேட்டார்கள்.

கேரிஸை அழைத்தேன். ஷிப்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பின்னால் இயந்திரச் சத்தம்.

"வேணாம்னு சொன்னேன். போகணும்கிறா," என்றாள். "பைக்காகப் போறாளா கோச்சுக்காகப் போறாளான்னே தெரியல. நீ கூட இரு, ரோ. அவளைத் தனியா விட்டுடாதே."

திங்கட்கிழமை ஃபெர்னை நான் காரில் அழைத்துப் போனேன். பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள். வழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன சொல்றே?"

"சொல்லிப் பாக்கறேன். சும்மா 'தப்பு'ன்னா கோச் ஒத்துக்க மாட்டார். சரியா எதுன்னு சொல்லணும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ப்ரென்டனின் பலகை ஒன்று கடந்துபோனது. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கண்டுபிடிச்சுட்டேன்."

"உனக்கு விருப்பம் இல்லாட்டி இப்படியே திரும்பிடலாம், ஃபெர்ன்."

"இல்ல. கோடு ஓடறது எனக்குப் பழக்கம்தான்."

கூட்டம் கேன்டீனுக்குப் பின்னால் உள்ள அறையில். எண்ணெய் வாடை. பஃப்ஸ் சூடுபண்ணும் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. கமிட்டியில் மூன்று பேர். தலைவர் லின்ட்ஸி டக்வெல் முன்னாள் நடுவர், இரண்டு முழங்காலும் மாற்றியவர், கூட்டம் நடக்கும்போது இறைச்சி பஃப்ஸ் சாப்பிடுகிறவர். பொருளாளர் மேக்ஸின், தன் அம்மா வீட்டை ப்ரென்டன் மூலம் நல்ல விலைக்கு விற்றவள். மூன்றாவது ஓவன் என்ற ஒருவர், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ப்ரென்டன் கோட்டுக்குள் அணியின் டி-ஷர்ட் போட்டிருந்தார். கோட்டுப் பட்டனைத் திறந்து வைத்திருந்தார். எழுத்து தெரிவதற்காக.

நீளமாகப் பேசினார். தான் எப்போதும் ஆளுக்கு ஆள்தான் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். கடைசி நிமிடப் பதற்றத்தில் ஒரு குழந்தை மட்டும் தன் ஆளை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றதாகச் சொன்னார். அது குழந்தைகளுக்கு நேர்வதுதான். தோல்வி தனக்குப் பெரிதில்லை, தோல்விக்குப் பிறகு யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதுதான் தனக்குப் பெரிது என்றார். மேக்ஸின் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் போலிருந்தது.

நான் பேசலாமா என்று கேட்டேன். லின்ட்ஸி சரி என்றார். வீடு, அறைகள், சாக்பீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். ப்ரென்டன் மறுக்கவில்லை. சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஆமாம், ஓடிவந்து சேர வேண்டிய இடம் ஞாபகம் இருக்கட்டும் என்று செய்த ஒரு சின்ன விளையாட்டு, அங்கிருந்து தங்கள் ஆளைத் தேடிப் போவார்கள் என்றார். மேனேஜர்கள் பயிற்சியை முழுசாகப் பார்ப்பதில்லை, ஆரஞ்சு வேலை இருக்கும் என்றும் சொன்னார். மேக்ஸின் அந்த விளையாட்டு அழகாக இருக்கிறது என்றாள். ஓவன் தலையாட்டினார்.

லின்ட்ஸி ஃபெர்னைப் பார்த்தார். பேச விருப்பமா என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். நெஞ்சில் கைவைத்தாள்.

"என் தப்பு."

ப்ரென்டன் மெல்லத் தலையசைத்தார்.

"சரிம்மா, போதும். உக்காரு," என்றார் லின்ட்ஸி. பஃப்ஸைக் கையில் எடுத்துவிட்டார்.

"இன்னும் சொல்லல. எதுன்னு சொல்லணும்," என்றாள் ஃபெர்ன். "கோச் 'வீட்டுக்கு'ன்னு கத்தினார். நான் லாண்டரிக்கு ஓடினேன். என் ஆள் எட்டாம் நம்பர். அவ எங்க நிக்கறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கோச் சொல்றாரேன்னு போயிட்டேன். நான் கோச் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. அதுதான் என் தப்பு. அடுத்த தடவை கேக்க மாட்டேன்."

கையை இறக்கினாள். சரியாகச் சொல்லிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. ப்ரென்டனைப் பார்த்தாள். பாராட்டுக்காகத்தான்.

லின்ட்ஸி பஃப்ஸைத் தட்டில் வைத்தார்.

"லாண்டரி எங்க இருக்கு? காட்டு பார்ப்போம்."

மேசையில் தக்காளி சாஸ் பொட்டலங்கள் கிடந்தன. ஃபெர்ன் ஐந்தை எடுத்தாள். லின்ட்ஸியின் பஃப்ஸ்தான் கூடை என்றாள். அதைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்தாள். வாசல், ஹால். கிச்சன். கராஜ். கடைசிப் பொட்டலத்தை மூலையில் வைத்து நேராக்கினாள்.

"இது நான்."

"இங்க ஓடி வந்த பிறகு உன் ஆளைத் தேடிப் போவியா?"

"எங்க போறது?" அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "போனா லாண்டரி காலியாயிடுமே."

லின்ட்ஸி பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பாதியை விசிலோடு கழித்தவர். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மேக்ஸினும் பார்த்தாள். பிறகு தன் பேனாவைப் பார்த்தாள்.

"எப்ப சொல்லிக் கொடுத்தார்?"

"முதல் நாளே."

ப்ரென்டன் எழுந்தார். அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்தார், எழுத்தின் மேலேயே.

"லீடர்ங்கற முறையில முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கறேன்," என்றார். "சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லியிருக்கணும்."

"அவளுக்கு நல்லாத்தானே புரிஞ்சிருக்கு," என்றார் லின்ட்ஸி.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா—"

"எது உன் தப்பு? அதைச் சொல்லு. அவ சொன்னா இல்ல, அந்த மாதிரி."

ப்ரென்டன் தொடங்கினார். தலைமை என்பது ஒரு பயணம் என்றார். தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடைவெளி என்றார். எல்லோருக்கும் பாடம் என்றார். அவர் சொன்ன எந்த வாக்கியத்திலும் அவர் இல்லை.

ஃபெர்ன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விட்டபோது கேட்டாள்.

"கோச், அப்ப நீங்களும் ஓடுவீங்களா?"

கேலி எதுவும் அதில் இல்லை. தப்பு என்று சொன்னவர்கள் ஓடுவார்கள். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அது. ப்ரென்டன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஓவனுக்கு யாரைப் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியவில்லை. சூடுபண்ணும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கோர்ட்டில் பாதி விளக்குகள் மட்டும் எரிந்தன. ஃபெர்ன் பள்ளிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைசிக் கோட்டில் போய் நின்றாள்.

"என்ன பண்றே?"

"சொன்னேனே. ஓடணும்."

"வேணாம், கண்ணு. இங்க யாரும் கேக்கல."

"ஓடலைன்னா சொன்னது கணக்கில வராது."

பள்ளி ஷூவோடு ஓடினாள். குனிந்து கோட்டைத் தொட்டாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள். ஷூவின் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அப்போது ப்ரென்டன் வெளியே வந்தார். காதில் போன். ஏதோ வீட்டின் சமையலறையை யாருக்கோ புகழ்ந்துகொண்டிருந்தார். வெளியே போகும் கதவு கோர்ட்டுக்கு மறுபக்கம். ஃபெர்ன் எதிரே ஓடிவருவதைப் பார்த்து நின்றார். ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அவள் கடந்ததும் கோர்ட்டைக் கடந்து போனார்.

லின்ட்ஸி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊர் அணிக்குக் கோச் ஹெட்டி என்றார். ஹெட்டி பள்ளி பஸ் ஓட்டுபவள், பெண்கள் லீக்கில் ஆடுகிறவள், விண்ணப்பித்த இன்னொருத்தி. ப்ரென்டன் அடுத்த சீசன் கோச்சாக எந்த பெஞ்சிலும் உட்காரக் கூடாது. ஓட்டு இரண்டுக்கு ஒன்று. யார் அந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை. மேக்ஸின் என்னைப் பார்க்காமல் காருக்குப் போனாள்.

ப்ரென்டன் தண்டனைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நான் ஃபெர்னை வீட்டில் விடுவதற்குள் தானே விலகுவதாக இணையத்தில் எழுதிவிட்டார். கீழே வட்டத்தின் படம். பெண்கள் தரையில், அவர் நடுவில், பந்து அவர் கக்கத்தில். உண்மையான தலைவன் எப்போது விலக வேண்டும் என்று அறிந்தவன் என எழுதியிருந்தார். பெற்றோர்கள் எல்லோரும் இதயம் போட்டார்கள். ஃப்ரிட்ஜ் அப்பா இரண்டு போட்டார்.

காரை விட்டு இறங்கும்போது ஃபெர்ன் கேட்டாள்.

"அப்ப கோச் சொன்ன இடம்?"

"ஹெட்டி பார்த்துத்தான் எடுப்பாங்க."

"நல்லா ஆடினாத்தானா?"

"ஆமா."

அவள் முகம் சின்னதாகியது. அவளுக்கு ஆடத் தெரியாது. ஒரு சீசன் முழுக்க ஒரு மூலையில் நின்றிருக்கிறாள். அவளுக்கும் அது தெரியும்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். ஹெட்டி நீளமாகப் பேசவில்லை. கழுத்தில் விசில், கையில் ஒரு வாழைப்பழம். ஆட விட்டாள். நடுவில் விசில் அடித்து நிறுத்துவாள். ஒருத்தியைக் காட்டி, "உன் ஆள் யாரு?" என்பாள். உடனே கைகாட்ட வேண்டும். பெலிக்கன்ஸ் பெண்கள் ஒவ்வொருவராக விழித்தார்கள். ப்ரைடி கூடையைக் காட்டினாள். அவள் தேர்வாகவில்லை. நியாயம்தான்.

ஃபெர்ன் பாஸை விட்டாள். எறிந்த பந்து கூடையின் வளையத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள். தன்னைவிட ஒரு தலை உயரமானவளை. அவள் போன இடமெல்லாம் போனாள். தண்ணீர் குடிக்கப் போனபோதும் பின்னால் போய் நின்றாள். அந்தப் பெண் எரிச்சலில் ஹெட்டியிடம் முறையிட்டாள்.

விசில்.

"நீ, குட்டி. உன் ஆள் யாரு?"

ஃபெர்ன் கைகாட்டவில்லை. அவள் கை ஏற்கெனவே அந்தப் பெண்ணின் சட்டைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது.

சீசன் தொடங்கும் நாளில் பைகள் வந்தன. பச்சை நிறம், பக்கவாட்டில் நம்பர். ஃபெர்னுக்குப் பதினொன்று கிடைக்கவில்லை, பதினான்கு. பையை மாட்டினால் முழங்கால் வரை தொங்கியது. முன்பக்கம் முழுக்க ப்ரென்டன் ஸ்கியூஸ் சிரித்துக்கொண்டிருந்தார். பைகளைக் கொடுத்தது அவர் கம்பெனி. கமிட்டி நன்றி தெரிவித்திருந்தது.

ஃபெர்ன் அந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஷூவை எடுத்துக்கொண்டு பையை மூடினாள். பெஞ்சுக்கு அடியில், துடைப்பமும் வாளியும் வைக்கும் மூலையில், முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத் தன் ஆளைத் தேடிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனாள்.